நிரல் எழுதத் தொடங்குகிறவர்கள் வாசலிலேயே செய்கிற தவறுகள்

நிரல், அதாவது கணினிக்கான புரோகிராம், எழுதப் பழக வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றைத்தான். எந்த மொழியில் ஆரம்பிக்கலாம்? கணக்கு சுமாராகத்தான் வரும், பரவாயில்லையா? இந்த வயதில் முடியுமா? இந்த மூன்று கேள்விகளைச் சுமந்துகொண்டே ஒரு வருடத்தைக் கடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார்கள்.

கணினி வந்த காலத்தில் இதற்குள் நுழைந்தவர்கள் யாரும் இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டு வரவில்லை. அவர்கள் கையில் முடிக்க வேண்டிய ஒரு வேலை இருந்தது, அல்லது நடத்திப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு சின்ன விஷயம் இருந்தது. அது கையில் இருந்தால் மற்றதெல்லாம் வழியிலேயே வந்து சேரும். அது இல்லாதபோதுதான் கீழே சொல்லப்போகிற தவறுகள் ஒவ்வொன்றாக வருகின்றன.

"நமக்கு இது வராது"

முதலில் இதை ஒதுக்கிவிடலாம். கிரேஸ் ஹாப்பர் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1944-இல் ஹார்வர்டு மார்க் 1 என்ற ஆரம்பகாலக் கணினிக்கு நிரல் எழுத அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 37. அதற்கு முன் கணினி என்ற பொருளையே அவர் பார்த்ததில்லை. 1952-இல் கம்பைலர், அதாவது நாம் எழுதுவதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித்தரும் நிரல், என்ற கருத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

எனியாக் என்ற ஆரம்பகால அமெரிக்கக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களின் கதை இன்னும் கடினமானது. குண்டு எங்கே போய் விழும் என்று கையால் கணக்குப் போடும் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவர்கள். 1945-இல் புதிய இயந்திரத்துக்கு மாற்றப்பட்டபோது, அது இருந்த அறைக்குள் போகவே முதலில் அனுமதி கிடைக்கவில்லை. சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அந்த இயந்திரத்தை அதன் வரைபடங்களைப் பார்த்தே படித்தார்கள். கற்றுத்தரப் பாடப்புத்தகம் கிடையாது, நிரல் மொழி என்ற ஒன்றே கிடையாது.

நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இயற்பியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நிரல் எழுதும் வேலைக்கு வந்தவர். 1957-இல் ஆம்ஸ்டர்டாமில் திருமணத்தைப் பதிவு செய்யப் போனபோது தொழில் என்ற இடத்தில் புரோகிராமர் என்று சொன்னாராம். அப்படி ஒரு தொழிலே இல்லை என்று அதிகாரிகள் ஏற்க மறுத்ததால், இயற்பியலாளர் என்றே பதிவானது. பெயர்கூட இல்லாத தொழிலுக்கு யாருக்கு என்ன முன்தகுதி இருந்திருக்க முடியும்?

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கத்தில் கூட்டல், கழித்தல், வகுத்தால் வரும் மீதி, எது பெரியது எது சிறியது என்ற ஒப்பீடு, இவ்வளவு போதும். படம் வரையும் விளையாட்டுகளுக்கும் இயந்திரக் கற்றலுக்கும் போகும்போது அதற்கான கணிதம் தேவைப்படும். தேவை வந்தபின் படிக்கிற கணிதம் மனதில் நன்றாகவே நிற்கும்.

மொழியைத் தேடிக்கொண்டே இருப்பது

1964 மே 1 அன்று விடிகாலையில் டார்ட்மவுத் கல்லூரியில் பேசிக் மொழியின் முதல் நிரல்கள் ஓடின. ஜான் கெமெனியும் தாமஸ் குர்ட்ஸும் அதை உருவாக்கியது அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்பதற்காக. அன்றைக்கு அதில் இருந்த அடிப்படைச் சங்கதிகள், அதாவது ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைப்பது, நிபந்தனை பார்ப்பது, திரும்பத் திரும்பச் செய்வது, இன்றைய மொழிகளிலும் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் பிடிபட்டால் அடுத்த மொழிக்கு மாறச் சில வாரங்கள்தான் ஆகும்.

கோப்புகளையும் எண்களையும் வைத்து வேலை செய்ய வேண்டுமா, பைத்தான். இணையப் பக்கத்தில் ஏதாவது அசைய வேண்டுமா, ஜாவாஸ்கிரிப்ட். சிறு குழந்தையா, ஸ்கிராட்ச். அவ்வளவுதான். எடுத்ததைக் குறைந்தது நான்கு மாதம் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பதையும் ஒட்டுவதையும் கற்றல் என்று நம்புவது

இதுதான் இன்று அதிகம் பேரைக் கவிழ்க்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1980-களின் வீட்டுக் கணினிகள் பலவற்றில் சுவிட்சைப் போட்டதுமே பேசிக் மொழி தயாராகக் காத்திருக்கும். 1981-இல் வந்த இசட்எக்ஸ்81-இன் உள்நினைவகம் வெறும் 1 கிலோபைட்தான். அன்று பத்திரிகைகளில் விளையாட்டு நிரல்களை வரி வரியாக அச்சிட்டிருப்பார்கள். பையன்களும் பெண்களும் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வார்கள். மணிக்கணக்கில் அடித்துவிட்டு ஓடவிட்டால் ஓடாது. எங்கோ ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கும், அல்லது பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஓ எழுத்து இருக்கும். அச்சில் இருப்பதையும் திரையில் இருப்பதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுத் தேடுவார்கள். கடைசியில் விளையாட்டு ஓடும். அப்புறம் மூன்று உயிர் என்று இருக்கும் இடத்தில் முப்பது என்று மாற்றிப் பார்ப்பார்கள். நிரல் என்பது தன் கைக்கு அடங்குகிற ஒன்று என்று பலருக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான்.

இன்று அந்தச் சிரமம் இல்லை. காணொளியில் ஒருவர் சரளமாக எழுதிக்கொண்டே போகிறார், பார்க்கிறவருக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருக்கிறது. மூடிவிட்டு வெற்றுத் திரை முன் உட்கார்ந்தால் முதல் வரி வராது. நீச்சலைக் கரையிலிருந்து பார்த்தவர் தண்ணீரில் இறங்கிய கதை இது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் இது இன்னும் கூடியிருக்கிறது. கேட்டால் நாற்பது வரி வருகிறது, ஒட்டினால் ஓடுகிறது. மறுநாள் அதில் ஒரு சிறு மாற்றம் வேண்டும் என்றால் எந்த வரியைத் தொடுவது என்று தெரியாமல் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது.

காணொளியோ கருவியோ வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கிடைத்ததை ஒட்டாமல் கையால் அடியுங்கள். ஓடவிடும் முன், என்ன வரப்போகிறது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். அப்புறம் ஓடவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதியதும் திரையில் வந்ததும் ஒத்துப்போகாத இடம்தான் அன்றைய பாடம். ஓடுகிற நிரலில் ஒரே ஒரு வரியை வேண்டுமென்றே நீக்கி, எப்படி உடைகிறது என்றும் பாருங்கள். கருவியிடம் கேட்பதாக இருந்தால் முழு நிரலைக் கேட்காதீர்கள். நீங்கள் எழுதிய மூன்று வரி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கேளுங்கள்.

பிழையைக் கண்டு கூசுவது

நான் எழுதிய முதல் நிரல்களில் ஒன்று, இரண்டு எண்களை வாங்கிக் கூட்டிச் சொல்ல வேண்டும். ஐந்தும் ஏழும் கொடுத்தேன். 57 என்று வந்தது. சிவப்பு எழுத்தில் எந்தச் செய்தியும் இல்லை, இயந்திரம் நிற்கவும் இல்லை. அமைதியாகத் தப்பான விடையைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது. என் மூளைக்கு இது ஒத்துவராது என்று அன்று இரவு உண்மையாகவே நினைத்தேன்.

மறுநாள் வாங்கிய இரண்டு மதிப்புகளையும் ஒரு லிஸ்ட்டில் போட்டுத் திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். இரண்டும் மேற்கோள் குறிகளுக்குள் இருந்தன. பைத்தானில் விசைப்பலகை வழியாக இன்புட் வாங்கினால் அது எண்ணாக வராது, ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாகத்தான் வரும். இரண்டு ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டும். ஐந்தோடு ஏழு ஒட்டினால் 57. எண்ணாக மாற்றித்தரும் இன்ட் என்ற ஃபங்ஷனுக்குள் இரண்டையும் போட்டதும் 12 வந்தது. மதிப்புக்கு வகை என்று ஒன்று உண்டு என்பதை எத்தனையோ பக்கங்களில் படித்திருந்தும், புரிந்தது அந்த 57-ஐப் பார்த்தபின்தான்.

இது கற்றுக்குட்டிக்கு மட்டும் வருவதில்லை. 1949-இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், தன் மீதி வாழ்நாளில் பெரும் பகுதி தன் நிரல்களிலேயே பிழை தேடிக் கழியப்போகிறது என்பது ஒருநாள் படியேறும்போது உறைத்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே என்ற மின்சுவிட்ச் ஒன்றில் சிக்கியிருந்த விட்டில் பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, உண்மையான பூச்சியே கிடைத்துவிட்டது என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதிவைத்தார்கள். பூச்சியைக் குறிக்கும் பக் என்ற ஆங்கிலச் சொல், பிழை என்ற பொருளில் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் புழக்கத்தில் இருந்தது, அதனால்தான் அந்தக் குறிப்பை அப்படி எழுத முடிந்தது.

சரி, பிழைச் செய்தி வந்தால் என்ன செய்வது? மூடாமல் படியுங்கள். பைத்தானில் கடைசி வரியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். கடைசி வரி என்ன நடந்தது என்று சொல்லும், அதற்கு மேலே எத்தனையாவது வரியில் என்று இருக்கும். அந்த வரியில் தவறே தெரியவில்லை என்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் பழைய பதிப்புகள் அடுத்த வரியைக் குற்றம் சொல்லும். 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து, மூடப்படாத அடைப்புக்குறி எது என்றே காட்டுகிறது. ஒரே நேரத்தில் ஐந்து இடத்தில் கைவைக்காதீர்கள். ஒன்றை மாற்றி ஓடவிட்டுப் பார்த்தபின் அடுத்ததற்குப் போங்கள்.

பிறரிடம் கேட்பதாக இருந்தால், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, பிழைச் செய்தி எழுத்துப் பிசகாமல் என்ன, இந்த மூன்றையும் எழுதிக் கேளுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதி நேரம் விடை கிடைத்துவிடும்.

முதல் வேலையையே மலையாக எடுப்பது

லட்சம் பேர் பயன்படுத்தும் செயலி, முப்பரிமாண விளையாட்டு என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் லாகின் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆசை தப்பில்லை, அளவுதான் தப்பு. ஒரே மாலையில் முடிகிற அளவுக்கு வெட்டுங்கள்.

எனக்குப் பிடித்தது எண் கண்டுபிடிக்கும் விளையாட்டு. நிரல் 1 முதல் 100-க்குள் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளும். நீங்கள் ஒன்றைச் சொன்னால் அது பெரியதா சிறியதா என்று பதில் சொல்லும். பதினைந்து வரிக்குள் அடங்கிவிடும், ஆனால் வேரியபிள் (பெயரிட்டு வைத்த மதிப்பு), நிபந்தனை, லூப் (திரும்பத் திரும்பச் செய்வது), உள்ளீடு எல்லாம் இதில் இருக்கின்றன. ஓடியதும் நீங்களே நாலைந்து முறை விளையாடுவீர்கள். முதலில் 50, அப்புறம் 25 அல்லது 75 என்று பாதி பாதியாகப் போனால் ஏழு முறைக்குள் எந்த எண்ணும் சிக்கிவிடும் என்று கண்டுபிடிப்பீர்கள். பைனரி சர்ச் என்று பாடத்தில் வருவது இதுதான். பெயர் தெரியும் முன்பே அது உங்கள் கையில் வந்திருக்கும்.

அடுத்து அதை வேறு ஒருவரிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் 50 என்று எண்ணில் அடிக்க மாட்டார். ஐம்பது என்று எழுத்தில் அடிப்பார். அதை எண்ணாக மாற்றப் போன இன்ட் சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச் செய்தியைக் கொட்டிவிட்டு நிரலை நிறுத்திவிடும். கடைசி வரியைப் படியுங்கள். நாளை மாலைக்கான வேலை அதில் இருக்கிறது.