நியூஜெர்சி கடற்கரைக்குப் போகிறீர்களா? பேட்ஜ் வாங்க மறக்காதீர்கள்

மே மாதக் கடைசித் திங்களில் வரும் மெமோரியல் டே முதல் செப்டம்பரின் முதல் திங்கட்கிழமையான லேபர் டே வரை, நியூஜெர்சிக்காரர்கள் பலருக்குச் சனி, ஞாயிறு என்றாலே கடற்கரைதான். ஆனால் அங்கே பல ஊர்களில் மணலில் கால் வைக்கவே காசு! ஒரு நாள், ஒரு வாரம், முழு சீசன் என்று நுழைவு அனுமதிக்கான பேட்ஜ் விற்கிறார்கள். சீசன் பேட்ஜைக் கோடைக்கு முன்பே வாங்கினால் பல ஊர்களில் விலை குறைவு. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

காசு கொடுக்க மனமில்லையா? அட்லான்டிக் சிட்டியும் வைல்ட்வுட்டும் இலவசம். வைல்ட்வுட்டில் மணல்பரப்பு ரொம்ப அகலம், தண்ணீரைத் தொடுவதற்குள் கால் சுட்டுவிடும், செருப்பைக் கழற்றிவிடாதீர்கள்.

வெள்ளி மாலை கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிப் போவது வீண் வேலை, நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். சனி விடிகாலையில் கிளம்புங்கள்.

என்னைக் கேட்டால் லேபர் டே கழிந்த வாரங்கள்தான் அருமை. பெரும்பாலும் பேட்ஜ் கேட்கமாட்டார்கள், கூட்டமில்லை, தண்ணீரும் இன்னும் குளிர்ந்திருக்காது. ஒன்று, அப்போது பல இடங்களில் லைஃப்கார்டு இருக்கமாட்டார். நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள்.