லேப்டாப்பில் நல்ல வைஃபை பிடிக்க

நாகர்கோவில் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது லேப்டாப்பைத் திறந்தால், வைஃபை பட்டியலில் வரிசையாகப் பெயர்கள் நிற்கும். பாதி, பக்கத்து பெஞ்சுக்காரர்களின் ஹாட்ஸ்பாட். பூட்டுச் சின்னம் இல்லாதவைதான் நமக்கு. ஸ்டேஷனில் ரெயில்வயரைத் தேடுங்கள், ரயில் நிலையங்களில் கிடைக்கும் பொது வைஃபையின் பெயர் அது. செல்போனுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால் தினமும் முதல் 30 நிமிடம் இலவசம்.

சிக்னல் கோடுகளை ரொம்ப நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள். மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டே வைஃபை சின்னத்தைக் கிளிக் செய்தால் ஆர்எஸ்எஸ்ஐ என்று சிக்னலின் பலத்தை எண்ணாகக் காட்டும். விண்டோஸுக்கு வைஃபை அனலைசர் மாதிரி ஓர் இலவச ஆப் போதும். எண் மைனஸில் வரும்: -50 அருமை, -67 வரை வீடியோ கால் தாங்கும், -80 என்றால் மெயில் திறப்பதே பெரும்பாடு. ஒருநாள் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், -78. பையைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போனதும் -61. அவ்வளவுதான் வித்தை.

ஒரே பெயர் இரண்டு அலைவரிசையில் வந்தால், ரௌட்டர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் 5 கிகாஹெர்ட்ஸ். சுவர் குறுக்கே இருந்தால் 2.4.

இணைந்தும் பக்கம் எதுவும் திறக்கவில்லையா? விபிஎன் (இணைப்பை வேறு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் ஆப்) ஓடினால் நிறுத்துங்கள், லாகின் பக்கம் பெரும்பாலும் தானாக வரும்.

அப்புறம், பேங்க் வேலையெல்லாம் இதில் வேண்டாம். அதற்குச் செல்போன் டேட்டா இருக்கிறது. ரெயில்வயர் மாதிரியே, ஓரெழுத்து மட்டும் மாறிய பெயரில் ஒரு நெட்வொர்க் தெரிந்தால் அது போலியாக இருக்கலாம், தொடவே தொடாதீர்கள். கிளம்பும் முன் 'தானாக இணை' என்பதில் உள்ள டிக்கையும் எடுத்துவிடுங்கள்.