டயாலிசிஸ் நோயாளியின் இதய வால்வில் சுண்ணாம்பு: நாம் செய்யும் தவறுகள்

எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்குப் புதிதாக வந்த இளம் மருத்துவர் எழுதிய சீட்டைப் போன வாரம் பார்த்தேன். கால்சியம் மாத்திரைக்கு நேராக '1-0-1' என்று மட்டும் இருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் எழுதினேன். உப்பைக் குறைப்பது, தண்ணீரை அளந்து குடிப்பது எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எப்போது விழுங்குவது என்று சொல்லாமல் விடுவது

சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் பாஸ்பரஸ் தேங்கும். வாரம் மூன்று டயாலிசிஸ் செய்தாலும் முழுவதும் வெளியேறாது. தேங்கிய பாஸ்பரஸ், வால்வின் செல்களை எலும்புச் செல்களைப் போல மாறத் தூண்டுகிறது. மெல்லிய இதழ்களில் சுண்ணாம்பு படிந்து இறுகுகிறது. கால்சியம் மாத்திரையின் வேலை, உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுவது. வெறும் வயிற்றில் அது பிடிப்பதற்கு எதுவும் இல்லை. கால்சியம்தான் ரத்தத்தில் ஏறும்.

என்னிடம் வந்த ஒரு தையல்காரருக்குப் பாஸ்பரஸ் 7-க்குக் கீழே இறங்கவே இல்லை. மூன்று முறை மாத்திரையைக் கூட்டினேன். ஒருநாள் அவர் மனைவி எவர்சில்வர் டப்பாவைத் திறந்து காட்டினார்: விடியற்காலை ரத்த அழுத்த மாத்திரையோடு இரண்டு, படுக்கும்போது இரண்டு. "எலும்புக்குச் சத்து மாத்திரைதானே டாக்டர்?" என்றார். பருப்பும் மீனுமாக மதியம் சாப்பிடும் பெரிய வேளைக்கு ஒன்றுகூட இல்லை. நான் கூட்டிக்கொண்டே போனது கால்சியத்தை மட்டும்.

பிறகு எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேனில்), இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வழியிலுள்ள அயோர்டிக் வால்வு திட்டுத் திட்டாக வெளுத்துத் தெரிந்தது. மாத்திரை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். வயது, ரத்த அழுத்தம், பாராதைராய்டு ஹார்மோன் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் படிந்த சுண்ணாம்பைக் கரைக்க மருந்து கிடையாது. 'எப்போது சாப்பிடுகிறீர்கள்?' என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. அதே சீட்டை இன்னொருவர் எழுதும்போது கோபம் வருகிறது.

'சோற்றோடு' என்று எழுதுங்கள். வாயாலும் சொல்லுங்கள். சமைப்பவரிடமும் சொல்லுங்கள். சாப்பிடாத வேளைக்கு மாத்திரை வேண்டாம். கால்சியம் உள்ள மாத்திரைகளின் அளவைக் கட்டுப்படுத்தும்படி சர்வதேச சிறுநீரக அமைப்பான கேடிகோவின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. கால்சியம் இல்லாத செவலமர் இருக்கிறது, விலைதான் கூடுதல். அதற்கும் இதே விதி: உணவோடு.

நெஞ்சின் இரைச்சலுக்கு ஃபிஸ்டுலாவைக் காரணம் காட்டுவது

டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலாவும் ரத்தசோகையும் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இரைச்சலைத் தரும், உண்மைதான். ஆனால் மிஷினில் போட்ட சிறிது நேரத்திலேயே ரத்த அழுத்தம் சரிகிறது என்றால், உலர் எடையை (தேங்கிய நீர் நீங்கிய பின் இருக்க வேண்டிய எடையை) மட்டும் மாற்றிக்கொண்டிராமல் வால்வைப் பாருங்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அயோர்டிக் வால்வு சுருக்கம் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது, வேகமாகவும் முற்றுகிறது.

உடலில் நீர் தேங்கியிருக்கும்போது எக்கோ எடுப்பது

டயாலிசிஸுக்கு மறுநாள் எடுங்கள்.

வார்ஃபரினைப் பழக்கத்தில் எழுதுவது

சுண்ணாம்பு படிவதைத் தடுக்கும் ஒரு புரதத்துக்கு வைட்டமின் கே தேவை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தான வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையை முடக்குகிறது. உலோக வால்வு வைத்தவர்களுக்கு வேறு வழியில்லை. மற்றவர்களுக்கு எழுதும் முன் இதய மருத்துவரோடு பேசுங்கள்.