சமாய்பாத்தாவில் குடியேற வருபவர்களுக்கு

பொலிவியாவின் சாந்தா க்ரூஸ் நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், ஆண்டிஸ் மலைத்தொடர் சமவெளியை நோக்கி இறங்கும் அடிவாரத்தில், சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றூர் சமாய்பாத்தா. 1998இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த எல் ஃபுவெர்த்தே செதுக்குப் பாறையும், அருகிலுள்ள அம்போரோ தேசியப் பூங்காவும் பயணிகளை ஈர்க்கின்றன. மிதமான தட்பவெப்பமோ அவர்களில் சிலரை இங்கேயே தங்கவைத்துவிடுகிறது. ஐரோப்பியர் நடத்தும் விடுதிகளையும் உணவகங்களையும் பார்த்து ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். வாடகைப் பேச்சு, மின் கட்டணம், சந்தை, மருத்துவமனை ஆகிய எல்லாமே ஸ்பானிய மொழியில்தான் நடக்கின்றன.

மிக உயரத்தில் உள்ள லா பாஸ் நகரம் வழியாக வராமல், சாந்தா க்ரூஸின் விரு விரு விமான நிலையத்தில் இறங்குவது நல்லது; உயரத்தால் வரும் தலைவலியும் மூச்சுத்திணறலும் இவ்வழியில் இல்லை. அங்கிருந்து த்ரூஃபி எனப்படும் பகிர்வு வண்டியில் சுமார் மூன்று மணி நேரத்தில் ஊர் வந்து சேரலாம். ஆனால் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மழைக்காலத்தில் மண்சரிவால் சாலை அடைபடுவதுண்டு. பெரிய சிகிச்சைக்கு அதே சாலையில் சாந்தா க்ரூஸுக்கே போக வேண்டியிருப்பதால், நாள்பட்ட நோய் உள்ளவர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதை எண்ணிப் பார்க்க வேண்டும். குடியிருப்பு அனுமதிக்கான காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை போன்ற வேலைகளுக்கும் அந்நகரத்துக்கு அலைய நேரிடும்.

வீட்டு விஷயத்தில் அவசரம் கூடாது. முதலில் சில மாதங்கள் வாடகைக்கு இருந்து, மழையையும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தெற்கிலிருந்து திடீரென வீசும் சுராசோ என்னும் குளிர்காற்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பெரும்பாலான வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது. அடுத்த படியாக, அந்திக்ரெத்திகோ என்ற முறை நம்மவர்களுக்கு எளிதில் பிடிபடும். ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருந்து, தவணை முடிந்ததும் முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது, அதாவது நம் ஊர் ஒத்தியேதான். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் மட்டும் போதாது. நோட்டரி முன் பத்திரமாக்கி, தெரேச்சோஸ் ரெயாலெஸ் என்னும் சொத்துப் பதிவகத்தில் பதிந்தால்தான் அதற்கு வலு உண்டு. அதற்கு முன் அதே பதிவகத்தில் ஃபோலியோ ரெயால் எனும் சொத்துப் பதிவுச் சான்றை எடுத்து, சொத்தின் மீது அடமானமோ வழக்கோ உள்ளதா என்று பாருங்கள். பதியாத பத்திரத்தை நம்பிப் பணம் தருவது, உரிமையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், என் கருத்தில் தேவையில்லாத துணிச்சல்.

பணத்தைப் பொறுத்தவரை, 2011 முதல் பல ஆண்டுகள் ஒரு டாலர் 6.96 பொலிவியானோ என நிலையாக இருந்தது; 2023இல் தொடங்கிய டாலர் தட்டுப்பாட்டுக்குப் பின் வெளிச்சந்தை விலை அதைவிட்டு வெகுதூரம் விலகியது. ஆகவே ஒப்பந்தத் தொகை எந்த நாணயத்தில், எந்த விலையில் திரும்பத் தரப்படும் என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

சமையலறை அவ்வளவு அந்நியமாக இராது. அரிசி, மரவள்ளி, வேர்க்கடலை, வாழை எல்லாம் கிடைக்கும். சாந்தா க்ரூஸ் பக்கம் புளியும் உண்டு. லொகோத்தோ மிளகாயின் காரம் நம் நாக்குக்கும் போதுமானது. துவரம் பருப்பையும் உளுந்தையும் எதிர்பார்க்க வேண்டாம். மின்சாரம் இங்கு 220 வோல்ட் என்பதால், ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்ஸி பிளக் மாற்றியோடு ஓடும்.

புறப்படும் முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். பொலிவியாவிலிருந்து அந்தச் சான்று அட்டையின்றி இந்தியா திரும்பினால், விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம் என்பதால், அதைக் கடவுச்சீட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.