முதல் ஆறு இலக்கம் போதாது: மேக் முகவரியை வைத்துக் கருவியைப் பிடித்த விதம்

நெட்வொர்க் பிரிண்டர் சிறிது நேரம் ஓடும், பிறகு ஆஃப்லைன். கேபிள், சுவிட்ச் போர்ட், டிரைவர் எல்லாம் மாற்றியும் பயனில்லை. ஆஃப்லைன் ஆன நேரத்தில் அதன் ஐபிக்கு பிங் அடித்து, கையோடு கணினியின் ஏஆர்பி அட்டவணையை (எந்த ஐபி எந்த மேக் முகவரியில் இருக்கிறது என்ற பட்டியல்) பார்த்ததும் பிடி கிடைத்தது: பிரிண்டர் ஸ்டிக்கரில் இல்லாத வேறொரு மேக் முகவரி (நெட்வொர்க் கருவிக்கான 12 இலக்க அடையாளம்; 0–9, A–F) அந்த ஐபியில் உட்கார்ந்திருந்தது.

யாருடையது? மேனேஜ்டு சுவிட்ச் என்றால் மேக் டேபிளே போர்ட்டைக் காட்டிவிடும். இங்கே சாதா சுவிட்ச்.

முதலில் பார்க்க வேண்டியது முகவரியின் இரண்டாவது இலக்கம். அது 2, 6, ஏ (A), ஈ (E) என்றால் மென்பொருள் உருவாக்கிய முகவரி. இன்றைய போன்கள் பெரும்பாலும் இப்படித்தான், தயாரிப்பாளரைத் தேடுவது வீண். இங்கே இருந்தது 0.

முதல் ஆறு இலக்கத்தைத் தேடினால் நிறுவனத்தின் பெயருக்குப் பதில் 'ஐஇஇஇ பதிவு ஆணையம்' (முகவரித் தொகுதிகளை ஒதுக்கும் அமைப்பு) என்று வந்தது. பலரும் இந்த இடத்தில் கைவிட்டுவிடுவார்கள். அந்தப் பெயர் வந்தால், அந்த ஆறு இலக்கத் (24 பிட்) தொகுதியைச் சிறு தயாரிப்பாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது ஐஇஇஇ-யின் எம்ஏ-எம் பட்டியலில் ஏழு இலக்கம் (28 பிட்), எம்ஏ-எஸ் பட்டியலில் ஒன்பது இலக்கம் (36 பிட், ஒரு தொகுதிக்கு வெறும் 4096 முகவரிகள்) ஒப்பிட வேண்டும். என் நெட்வொர்க் ஸ்கேனர் மென்பொருளில் இருந்தது 24 பிட் பட்டியல் மட்டுமே.

ஐஇஇஇ தளத்திலிருந்து மூன்றையும் இறக்கித் தேடியதில் ஏழு இலக்கம் பொருந்தியது: ஒரு கேமரா போர்டு தயாரிப்பாளர். கேமராவின் மேலிருந்த பிராண்ட் பெயர் வேறு. அதில் யாரோ நிலையான ஐபி போட்டிருந்தார்கள். அதை டிஹெச்சிபி வரம்புக்கு (தானாக ஒதுக்கப்படும் ஐபிகள்) வெளியே நகர்த்தி, பிரிண்டருக்கு ஐபி ரிசர்வ் செய்து, கணினிகளில் ஏஆர்பி கேஷைத் துடைத்தேன். அப்பாடா, அதன் பிறகு பிரிண்டர் விழவில்லை.