வேலூரிலிருந்து ஜாலி பாய் தீவுக்கு: அனுமதி, படகு, பிளாஸ்டிக் சோதனை

அந்தமான் போகிற நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கே ஓடிவிடுகிறார்கள். போர்ட் பிளேருக்குப் பக்கத்திலேயே மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. 1983-இல் அறிவித்தது, 281 சதுர கி.மீ. பரப்பு. ஆள் குடியில்லாத தீவுகள், அலையாத்திக் காடு, பவளத்திட்டு என்று அது தனி உலகம். சுற்றுலாப் பயணிகள் போவது ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளுக்குத்தான். குடும்பத்தோடு போய்வந்த பிறகு, காட்பாடி, ஆம்பூர் பக்கமெல்லாம் பலர் வழி கேட்டதால் எழுதுகிறேன்.

சென்னை போய் விமானம் ஏறுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிக்கெட்டில் ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று இருந்தால் குழம்பவேண்டாம். 2024-இல் போர்ட் பிளேருக்கு வைத்த புதுப் பெயர் அது.

1. மாதத்தைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். இரண்டு தீவுகளையும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. மழை ஓய்ந்து நவம்பர் வாக்கில் ஜாலி பாய் திறந்தால் மே வரை இருக்கும். மற்ற மாதங்களில் ரெட் ஸ்கின். பவளத்துக்கு ஓய்வு கொடுக்கத்தான் இந்த முறை. பவளம் கல் இல்லை, உயிர். கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் தனக்குள் வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 2010-இல் அந்தமானில் அப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. என்னைக் கேட்டால் ஜாலி பாய் திறந்திருக்கும் மாதங்களில் போங்கள், தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கும். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.

2. வனத்துறை அனுமதி இல்லாமல் படகு ஏற முடியாது. அடையாள அட்டை நகலோடு அனுமதியையும் படகுச் சீட்டையும் முதல் நாளே நகரில் முடித்துவிடுங்கள். போர்ட் பிளேரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர், தயங்காமல் கேட்கலாம்.

3. அடுத்தது பிளாஸ்டிக். இங்கேதான் பலர் தவிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தீவுக்குப் படகு கிளம்பும் வண்டூர் படகுத்துறையில் பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டில், சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட், பாலிதீன் கவர் எதையும் தீவுக்குக் கொண்டுபோக முடியாது. தீவில் கடையும் இல்லை. துறையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டால் குழந்தைகள் பாதி நாள் பசியோடுதான் இருக்கவேண்டும். மாற்றுப் பாத்திரம் அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஆகவே இந்த வேலையை வேலூரில் பெட்டி கட்டும்போதே முடிக்கவேண்டும். ஆளுக்கொரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், இறுக்கமாக மூடும் சம்படம் ஒன்றிரண்டு, நல்ல மஞ்சப்பை இரண்டு. ஆற்காடு மக்கன் பேடா வாங்கிப் போனாலும் கடைக் கவரிலிருந்து சம்படத்துக்கு மாற்றிவிடுங்கள். ஈரத் துணியையும் மஞ்சப்பையிலேயே போட்டுக்கொள்ளலாம். காலையில் விடுதியில் புளிசாதமோ இட்லியோ கேட்டுச் சம்படத்தில் வாங்கிக்கொண்டால் மதியக் கவலை தீர்ந்தது.

4. போர்ட் பிளேர் நகரிலிருந்து 30 கி.மீ. அளவில் இருக்கிறது வண்டூர். விடியலிலேயே கிளம்புங்கள். கடிகாரம் நம் நேரம்தான், ஆனால் சூரியன் வேலூரைவிட முக்கால் மணிக்கும் மேல் முந்திக்கொள்ளும். மாலையும் அப்படியே சீக்கிரம் இருட்டிவிடும். வண்டூர்க் கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் மதியுங்கள். உப்புநீர் முதலைகள் உண்மையிலேயே உள்ள இடம் அது.

5. படகு அலையாத்திக் காடுகளுக்கு நடுவே ஒரு மணி நேரம்போல் போகும். தீவுக்கருகே ஆழம் குறைவு என்பதால் கண்ணாடி அடிப்பகுதி உள்ள சிறு படகுக்கு மாற்றுவார்கள். பாலாற்றில் தண்ணீர் பார்ப்பதே அபூர்வமான நம் ஊரில் பலருக்கு நீச்சல் தெரியாது. அவர்களுக்கு இந்தக் கண்ணாடிப் படகே போதும், பவளத்தையும் மீனையும் நன்றாகப் பார்க்கலாம். நீருக்கடியில் பார்க்க முகமூடி போட்டு இறங்குகிறவர்கள் வழிகாட்டியை விட்டு விலகாதீர்கள். பவளத்தின்மேல் கால் ஊன்றவே கூடாது. நாம் ஒரு நொடி மிதித்து உடைப்பது வளரப் பல வருடம் ஆகும். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை நல்லது. சில களிம்புகளில் உள்ள ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் பவளத்தைப் பாதிக்கும்.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா, மூட்டுவலி உள்ளவரை அழைத்துப்போகலாமா என்று கேட்டிருந்தார். படகு மாறுவதும் இறங்குவதும் ஆடிக்கொண்டேதான் நடக்கும். இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தால் போகலாம், தனியாக வேண்டாம்.

இன்னொரு பின்சேர்க்கை: பிள்ளைகள் கரையில் பொறுக்கிய பவளத் துண்டை ஊருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கரையில் ஒதுங்கிக் கிடந்ததும் சேர்த்துத்தான். திரும்பும்போது விமான நிலையச் சோதனையில் பிடிப்பார்கள். படகு ஏறும் முன்பே பிள்ளைகளின் சட்டைப் பையைப் பார்த்து, இருந்தால் எடுத்த இடத்திலேயே போடச் சொல்லுங்கள்.