பின்னாலிருந்து பந்தை எடுத்து வரும்போது: ஹாக்கியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 கடைசியில் ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டங்கள் மதுரையில் நடந்ததிலிருந்து, இந்தப் பக்கத்துப் பள்ளி அணிகளுக்கெல்லாம் ஜெர்மனி மாதிரி பின்னாலிருந்தே பந்தைக் கோத்து எடுத்து வர ஆசை. ஆசை நியாயமானதுதான். ஆனால் பந்து பறிபோவதும் அங்கேதான். போனதும் ஃபுல்பேக்குக்கு, அதாவது கோலுக்கு முன்னால் நிற்கும் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு, திட்டு விழுகிறது. என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் குற்றம் பந்து கையில் இல்லாதவர்கள் மேல்தான்.

எதிரணி அடித்த பந்து நம் பேக்லைனை (கோல் இருக்கும் பக்கத்து எல்லைக்கோட்டை) தாண்டினால், அதற்கு நேராக 15 மீட்டர் வரை கொண்டுவந்து வைத்துத் தொடங்கலாம். எதிராளிகள் 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நிதானமாக யோசிக்க நேரம் உண்டு. அப்போது நம் ஹாஃப்கள், அதாவது நடுக்களத்துக்காரர்கள், என்ன செய்கிறார்கள்? முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் ஓடுவார்கள். இல்லையென்றால் எதிரணி ஃபார்வேர்டின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “குடுடா, குடுடா” என்று கத்துவார்கள். நடுவில் ஒரு ஸ்டிக் இருக்கும்போது எப்படிக் கொடுப்பான்? சென்டர் ஹாஃப் இரண்டு எட்டு பக்கவாட்டில் விலகினாலே வழி திறந்துவிடும். விலகியவர் பாதி உடம்பைத் திருப்பி, பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். சொந்த கோலையே பார்த்து நின்று வாங்கினால், பின்னால் வருபவன் தட்டிக்கொண்டு போய்விடுவான்.

ஃபுல்பேக் செய்யும் பெரிய தப்பு, கோலைச் சுற்றிய வளைகோட்டுப் பகுதியான டி-க்கு முன்னால் குறுக்கே மெதுவாகத் தள்ளும் பாஸ். அது மாட்டினால் கீப்பர் மட்டும்தான் மிச்சம். இடது பேக்குக்கு இதில் கூடுதல் சங்கடம்: வலப்பக்கம் தள்ளக் காலைச் சுற்றித் திருப்ப வேண்டும், அந்த அசைவைப் பார்த்தே எதிரணிக்காரன் கிளம்பிவிடுவான். குறுக்கே போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், மற்ற பேக் தோளுக்குத் தோள் நேராக நிற்காமல் பல அடி பின்வாங்கி நிற்கட்டும். பாஸும் சுரீரென்று போகட்டும்.

மண் தரைப் பழக்கமும் காலை வாரும். பந்து துள்ளுமே என்று ஸ்டிக்குக்குப் பின்னால் காலை அணைவாக வைத்து வாங்கியே பழகியிருப்பார்கள். டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில், வேகமாக வரும் பந்து அந்தக் காலில் பட்டு, டி-க்குள் என்றால் பெனால்டி கார்னரே (எதிரணிக்குக் கோலடிக்க நல்ல வாய்ப்பு தரும் தண்டனை அடி) விழும். ஸ்டிக்கைத் தரையோடு ஒட்டி, பாதத்துக்கு முன்னால் வைத்து வாங்கச் சொல்லுங்கள்.

விங் ஆட்டக்காரர்கள் உதவி செய்கிறேன் என்று கீழே இறங்கி வருவது இன்னொரு தொல்லை. தன்னைக் காவல் காப்பவனையும் கூட்டி வந்து நெரிசலாக்குகிறார்கள். ஹாக்கியில் ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் நிற்பதைத் தவறாக்கும் விதி) கிடையாது. மேலேயே, பக்கக் கோட்டை ஒட்டி நிற்கலாமே.

வழியில்லாமல் பயந்து போடும் ஸ்கூப் (பந்தை ஸ்டிக்கால் அள்ளித் தூக்கிப் போடுவது) பற்றியும் ஒன்று. விழும் இடத்தில் முதலில் இருப்பவர் யாரென்று தெளிவில்லாவிட்டால், தூக்கிய அணிதான் ஒதுங்க வேண்டும். ஆகவே கூட்டத்துக்குள் தூக்காமல், நம் ஆள் தனியாக நிற்கும் பக்கமாகப் பார்த்துத் தூக்குங்கள்.